நகத்தால் தேய்த்துப் பார்

சிறுவர்களுக்கான கடல் உயிர்கள் பற்றிய படப் புத்தகம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பதினான்காம் பக்கம் வரை வேலை தடையில்லாமல் ஓடியது. அந்தப் பக்கத்தில் ஒரு சிப்பி. பக்கவாட்டில் பார்த்தால் இதய வடிவம். முதுகில் விசிறி மடிப்பைப் போல வரிவரியாக மேடுகள். ஆங்கிலத்தில் காக்கிள் என்று பெயர். அகராதியைத் திறந்தால் சிப்பி என்கிறது, கிளிஞ்சல் என்கிறது, மட்டி என்கிறது. வடசென்னைக் கடலோரக் கத்திவாக்கத்தில் வளர்ந்த எனக்கு இவை மூன்றும் ஒன்றல்ல. சிப்பி பொதுச்சொல். கிளிஞ்சல் என்றால் சூளையில் வெந்து சுண்ணாம்பாகும் வெற்று ஓடு. மட்டி என்பது எண்ணூர் ஆற்றுச் சேற்றிலிருந்து வருவது, ஏறக்குறைய முக்கோண வடிவம், மஞ்சளும் பழுப்புமாக மெழுகு பூசியது போல வழுவழுப்பானது. எங்கள் வீட்டில் அதைச் சின்ன வெங்காயம் போட்டு வதக்கினால் தெருமுனை வரை மணக்கும்.

படத்தில் இருப்பது வழுவழுப்பாக இல்லை. ஆகவே அது மட்டியாக இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். ஆனால் வரி போட்ட இன்னொரு ஓடு எனக்குத் தெரியும். கடற்கரையில் நிறைய ஒதுங்கும். தடித்தது, கனமானது, உயிரோடு உடைத்தால் ரத்தம் போலச் சிவப்பாக ஒழுகும். சிவப்பு மட்டி என்போம். ஆங்கிலத்தில் அதற்கு ரத்தக் காக்கிள் என்றே பெயர் இருப்பதைப் பார்த்ததும் புதிர் அவிழ்ந்துவிட்டதாக நினைத்து, காக்கிள் என்ற இடத்தில் சிவப்பு மட்டி என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் அது உறுத்தத் தொடங்கியது. குழந்தைகள் புத்தகத்தில் விழும் பிழை லேசில் அழியாது. சிறுவயதில் ஒரு படச் சீட்டில் மீன்களின் நடுவே திமிங்கிலத்தைப் பார்த்த நான், பன்னிரண்டு வயது வரை அது மீன் என்றே நம்பியிருந்தேன். எண்ணூரிலோ பழவேற்காட்டிலோ இந்தப் புத்தகத்தைப் புரட்டும் ஒரு குழந்தை, தன் ஆயா தினமும் கையில் எடுக்கும் ஒன்றின் பெயரைத் தவறாகப் படித்துவிடக் கூடாது என்ற எண்ணம் இரவில் தூக்கத்தைக் கெடுத்தது. படிக்கத் தொடங்கினேன்.

ஒரே ஆண்டில் பிரிந்த இருவர்

உண்மையான காக்கிள்கள் கார்டியிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிரேக்கத்தில் கார்டியா என்றால் இதயம். உலகக் கடல்களில் இன்று வாழும் இனங்கள் இருநூறுக்கும் மேல். ஐரோப்பாவில் மக்கள் உண்ணும் காக்கிளுக்கு ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் கார்டியம் எடூலே என்று பெயரிட்டார். இன்று அது செராஸ்டோடெர்மா எடூலே. இரண்டு ஓடுகள், அவற்றை இழுத்து மூட முன்னும் பின்னுமாக இரண்டு தசைகள், முதுகுப் பக்கம் ஓடுகளைத் திறக்கப் பார்க்கும் மீள்தன்மையுள்ள ஒரு நார்ப்பட்டை. உயிர் இருக்கும்வரை தசை ஓட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். கொதிநீரில் தசை தளர்ந்ததும் பட்டை வென்று வாய் திறக்கும். மட்டி வேக வைக்கும்போது வாய் திறக்காததைத் தூக்கிப் போடு என்றும், வேக வைக்கும் முன்பே வாய் பிளந்து கிடந்து, தட்டினாலும் மூடாததைச் சேர்க்காதே என்றும் அம்மா சொன்னதன் காரணம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது.

காக்கிள் மண்ணுக்குள் ஆழமாகப் போவதில்லை. அதன் இரண்டு நீர்க்குழாய்களும் குட்டையானவை; மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்து ஒன்றால் நீரை உள்ளே இழுத்து, செவுளில் வடிகட்டி, நுண்பாசியை உண்டு, மற்றொன்றால் வெளியே விடுகிறது. அதன் கால் நீளமானது, வலுவானது. நட்சத்திர மீன் நெருங்கினால் காலை முழங்கை போல மடித்து, சட்டென நிமிர்த்தித் துள்ளிவிடும். குழாய்களைச் சுற்றியுள்ள உணர்விழைகளின் நுனியில் சின்னஞ்சிறு கண்கள் இருக்கின்றன. நிழல் விழுந்தால் உடனே ஓட்டை மூடிக்கொள்ளும். தொல்காப்பிய மரபியல் நத்தை வகையான நந்தையும் முரளையும் ஈரறிவு உயிர்கள் என்கிறது. முரள் என்பதற்கு உரையாசிரியர்கள் இப்பி, கிளிஞ்சல், ஏரல் என்று பொருள் தருகிறார்கள். தொடுதலும் சுவையும் மட்டுமே உள்ளவை என்று வைத்த வரிசையில் கண்ணுள்ள காக்கிளைச் சேர்க்க முடியாதுதான். ஆனாலும் உயிர்களை அவை உலகத்தை எப்படி அறிகின்றன என்பதை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று இந்த மொழியில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

சிவப்பு மட்டிக்கு வருகிறேன். அதற்கும் லின்னேயஸ் அதே 1758-இல், அதே நூலில் பெயர் வைத்தார்: ஆர்கா கிரானோசா. இப்போது டெகில்லார்கா கிரானோசா. கிரானோசா என்றால் மணி மணியானது. வரி மேடுகளின் மேல் வரிசையாகப் புடைப்புகள் இருப்பதால் அந்தப் பெயர். ஒரே ஆண்டில், ஒரே மனிதர், வரி போட்ட இரண்டு சிப்பிகளைக் கையில் எடுத்து, ஒன்றைக் கார்டியம் என்றும் மற்றதை ஆர்கா என்றும் வேறு வேறு பேரினங்களில் வைத்திருக்கிறார். ஏன் என்பது படித்தபோது எனக்குப் புரிந்தது, ஆனால் மனதில் பதியவில்லை. எண்ணூருக்குப் போய்த்தான் பதிந்தது.

பெரியம்மா வீட்டுத் திண்ணை

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் நண்பர் வேல்ஸில் படித்துவிட்டு வந்தவர். அங்கே பர்ரி கழிமுகத்தில் பொறுக்கிய காக்கிள் ஓடு ஒன்றைப் பிரியாமல் இரட்டையாகவே வைத்திருந்தார். என் புலம்பலைக் கேட்டு எடுத்துக் கொடுத்தார். அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினேன். எண்ணூரில் இறங்கிப் பெரியம்மா வீட்டுக்கு நடந்தேன். முகத்துவாரத்துக்கு அருகே அவருக்கு இரண்டு அறை வீடு. ஐம்பது வருடம் ஆற்றில் இறங்கியவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றில் கையைத் துழாவி, இறாலும் மட்டியும் எடுத்தே மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்தவர். மூட்டு வலியால் இப்போது திண்ணையோடு சரி.

ஓட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வரிகளைக் காட்டி, “இது சிவப்பு மட்டிதானே பெரியம்மா?” என்று கேட்டேன். அவர் வரியைப் பார்க்கவே இல்லை. ஓட்டைத் திருப்பி, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் உட்பக்கத்தை மேலே வைத்து, இரண்டு ஓடுகளும் சேரும் அந்த மேல் விளிம்பில் கட்டை விரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். கண் பார்வை மங்கியவர், நகத்தால்தான் பார்த்தார். நகம் நடுவில் ஒரு முறை ஏறி இறங்கியது. ஓரத்தில் இன்னொரு முறை.

“இல்லை கண்ணு. இது மட்டிப் பக்கம்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் பேத்தியைக் கூப்பிட்டு ஜன்னல் கட்டையில் இருந்த ஓடுகளை எடுத்துவரச் சொன்னார். வந்ததில் மட்டியும் இருந்தது, வரி போட்ட சிவப்பும் இருந்தது. முதலில் மட்டியை என் கையில் கொடுத்து, அதே இடத்தில் நகத்தால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். நடுவில் மூன்று மேடுகள், சற்றுத் தள்ளி ஒன்று. நகம் தடுக்கித் தடுக்கிப் போனது. பிறகு வேல்ஸ் ஓடு. எண்ணிக்கை வேறு, வடிவம் வேறு. ஆனால் அதே மாதிரிதான், நடுவில் இரண்டு, ஓரத்தில் தள்ளி ஒன்றிரண்டு. கடைசியாகச் சிவப்பு. அதன் விளிம்பு வளைவாக இல்லை, அடிக்கோல் வைத்து வெட்டியதைப் போல நேராக இருந்தது. அதன்மேல் நகத்தை வைத்து இழுத்ததும் ‘கர்ர்ர்’ என்றது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, நெருக்கமாக, பொடிப்பொடியாக, ஒரே அளவில் பற்கள். பேன் சீப்பில் நகம் ஓட்டியது போலவே இருந்தது.

“சின்ன வயதில் இதை வைத்துத்தான் பொம்மைக்குத் தலை வாருவோம். மட்டியில் வார முடியுமா? பேருக்குச் சிவப்பு மட்டி என்கிறோம். அது வேறு ஜாதி” என்றார் பெரியம்மா.

அந்த ‘கர்ர்ர்’ இன்னும் என் நக நுனியில் இருக்கிறது. லின்னேயஸ் இரட்டை ஓட்டு உயிர்களைப் பேரினங்களாகப் பிரித்தபோது முதன்மையாகப் பார்த்தது இதைத்தான்: இரண்டு ஓடுகளும் சேரும் கீல், அதிலுள்ள பற்கள், அவை எத்தனை, எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. ஆர்காவுக்கு அவர் தந்த அடையாளம் ஏராளமான கூர்ப்பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்பது. ஸ்வீடனின் உப்சாலாவில் மேசை முன் உட்கார்ந்து அவர் எழுதியதும், எண்ணூரில் சட்டைத் துணிப் பொம்மைக்குத் தலை வாரிய ஒரு சிறுமி கண்டதும் ஒரே வேறுபாடுதான். நூலில் வாசித்தபோது ‘கீல் பற்கள்’ எனக்கு வெறும் கலைச்சொல். பெரியம்மாவின் நகம் அதை எனக்கு ஓர் உறுப்பாக ஆக்கியது.

யாருக்கு யார் உறவு

வீட்டுக்கு வந்து உறவுமுறையை வரைந்து பார்த்தேன். சீப்புப் பல் உள்ள சிவப்பு, ஆர்சிடே குடும்பம். அதன் நெருங்கிய சுற்றம் கல்லில் ஒட்டி வாழும் ஆழிகளும் பாறைச் சிப்பிகளும் முத்துச் சிப்பிகளும் இருக்கும் பெருங்கிளை. காக்கிளும் நம் மஞ்சள் மட்டியும் இன்னொரு பெருங்கிளை. இந்த இரண்டும் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன. அப்படியானால் வரி? அது தனித்தனியே வந்த ஒற்றுமை. வரி மேடு ஓட்டுக்கு வலுத் தரும், விளிம்புகளைப் பிசகாமல் கோக்கும், மண்ணில் பிடிப்புக் கொடுக்கும். பயன் இருக்கும் இடத்தில் அது எந்தக் கிளையிலும் முளைக்கும். வரியை நம்பிய நான் ஏமாந்தேன். ஆங்கிலத்தில் ரத்தக் காக்கிள் என்று பெயர் வைத்தவர்களும் அதே வரியை நம்பியவர்கள்தான்.

சிவப்புக்குக் காரணமும் தெரிந்துகொண்டேன். பெரும்பாலான சிப்பிகளின் ரத்தத்துக்கு நிறமே கிடையாது. இதற்கோ நம்மைப் போல ஹீமோகுளோபின், அதுவும் சிவப்பணுக்களுக்குள். நீர்க்குழாய்களும் இதற்கு இல்லை. பிராணவாயு குறைந்த சேற்றின் மேல்மட்டத்திலேயே கிடந்து வாழ அந்த ரத்தம் உதவுகிறது. மறுபக்கம் காக்கிள் குடும்பத்தில் ஒரு வியப்பு: ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து 200 கிலோவையும் தாண்டும் ராட்சதச் சிப்பி ட்ரைடாக்னாவை முன்பெல்லாம் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். இப்போது அதைக் காக்கிள் குடும்பத்துக்குள்ளேயே ஒரு துணைக்குடும்பமாகச் சேர்த்துவிட்டார்கள். உள்ளங்கையில் நான்கைந்து அடங்கும் காக்கிளுக்கும், ஒருவரால் தூக்க முடியாத அதற்கும் ஒரே வீட்டுப் பெயர்.

மட்டியின் அறிவியல் பெயரைப் பார்த்தபோது மட்டும் கோபம் வந்தது. 1791-இல் ஜெர்மன் இயற்கையியலாளர் க்மெலின் அதற்கு வீனஸ் காஸ்டா என்று பெயரிட்டார். காஸ்டா, லத்தீனில் கற்புடையவள். பின்னால் அது மெரெட்ரிக்ஸ் என்னும் பேரினத்துக்கு மாறியது. அந்தச் சொல்லுக்கு விலைமகள் என்று பொருள். எங்கோ அருங்காட்சியகத்தில் ஓட்டின் வளைவைப் பார்த்துப் பெண்ணைப் பற்றிய இரண்டு நினைப்புகளையும் ஒரே உயிரின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சேற்றில் நின்று அதைப் பொறுக்கிய பெண்கள் வைத்த பெயர் மட்டி. எனக்கு அதுவே போதும்.

மண்ணுக்குள், மண்ணுக்கு மேல்

அடுத்த முறை போனபோது பெரியம்மா இன்னொரு பிரிவினையைச் சொன்னார். அவருக்கு முக்கியமானது பல் அல்ல. பல்லைப் பற்றி நான் கேட்டதால் சொன்னார், அவ்வளவுதான். கைக்குத் தெரிய வேண்டியது வேறு: மட்டி மண்ணுக்குள் இருக்கும், ஆழி மண்ணுக்கு மேல் ஒட்டியிருக்கும். மட்டிக்குச் சேற்றை விரலால் கிளற வேண்டும். ஆழியைப் பிய்த்தெடுக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கால் வைக்கவும் தெரியும்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் ஆற்றில் வந்திறங்கிய புதியவனை அவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். கறுத்த சின்ன ஓடு. மூங்கில் கழி, கல், கயிறு என்று எல்லாவற்றிலும் ஒட்டியது. கடைசியில் வெறும் சேற்றின் மேலேயே ஒன்றோடொன்று நூலால் பின்னிக்கொண்டு பாய் விரித்துவிட்டது. காக்கா ஆழி என்று பெயர் வைத்தார்கள். விலங்கியலாளர்கள் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா என்பது அதுதான். தென், மத்திய அமெரிக்கக் கடற்கரைகள் அதன் பூர்வீகம். கப்பலின் அடியில் ஒட்டியோ கப்பல் நிலைகுலையாமலிருக்க நிரப்பும் தண்ணீரிலோ வந்திருக்க வேண்டும். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அது பரவிய இடத்தில் மஞ்சள் மட்டி அற்றுப்போயிற்று. காரணம் எளிது. மட்டி காலால் மண்ணைத் தோண்டி உள்ளே இறங்க வேண்டும், குழாயை மேலே நீட்ட வேண்டும். தலைக்கு மேல் பாய் விரித்துவிட்டால் இரண்டுக்கும் வழியில்லை. இறாலும் அப்படித்தான், சேற்றில் புதைந்து ஒளியும் உயிர் அது.

“கையை விட்டால் சேறு தட்டுப்படவில்லை கண்ணு. ஓடுதான் தட்டுப்பட்டது. அன்றைக்கே தெரிந்துவிட்டது” என்றார். அது நடந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கு நினைவில்லை. மூட்டு வலிக்கு முன்பு என்றார்.

அனல் மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றை மூடிய கச்சா எண்ணெயும் பற்றி இங்கே விரித்து எழுதப் போவதில்லை. படிக்கும் நீங்கள் அறிந்தவைதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிப்பிகள் தண்ணீரை வடிகட்டி உண்பவை. தண்ணீரில் கலந்ததெல்லாம் அவற்றின் உடல் வழியே போகிறது, ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. பெரியம்மா வீட்டில் மட்டி சமைத்து வெகு நாளாயிற்று. ஜன்னல் கட்டையில் இருப்பவை பழைய ஓடுகள்.

புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தைத் திருத்திவிட்டேன். தலைப்பில் காக்கிள் என்றே போட்டிருக்கிறேன். நம் கையில் இல்லாத பொருளுக்கு நம் பெயர் ஒன்றை இரவல் கொடுப்பதைவிட அதன் பெயரையே எழுதுவது நேர்மை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘எண்ணூர் ஆற்று மட்டிக்கு இது தூரத்து உறவு. வரி போட்ட சிவப்பு மட்டிக்கு இதைவிடத் தூரம். நம்பாவிட்டால் கீலில் நகத்தால் தேய்த்துப் பார்.’ பதிப்பாளருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. குழந்தைக்குப் புரியாது என்றார். பெரியம்மாவின் பேத்திக்கு ஏழு வயது, அவள் கையிலேயே கொடுத்துப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். வரி நின்றது.

மெய்ப்புப் படியை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வெளிநாட்டு ஓட்டை யார் எடுத்தார்கள் என்று கேட்டார். வேல்ஸில் பென்கிளாத் என்ற ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்தார்கள், தண்ணீர் வற்றும் நேரத்தில் கழுதைகளை ஓட்டிக்கொண்டு மணல் திட்டுக்குப் போவார்கள், வாரியால் கிளறிச் சல்லடையில் சலித்துச் சின்னதை விட்டுவிடுவார்கள் என்றேன். கழுதையைக் கேட்டு மகிழ்ந்தார். இங்கிலாந்தில் மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரியில் நடந்ததையும் சொன்னேன்: பிழைப்புத் தேடி வந்த சீனத் தொழிலாளர்களை இரவில் காக்கிள் பொறுக்க அனுப்பினார்கள், கடல் ஏறியது, குறைந்தது 21 பேர் மூழ்கிப் போனார்கள்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. வேல்ஸ் ஓட்டின் இரண்டு பாதிகளையும் கையில் வைத்துப் பொருத்துவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“தண்ணீர் எப்போது ஏறும் என்று அவர்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லையா?”

இல்லை என்றேன். ஓட்டை மூடி, பேத்தியிடம் கொடுத்து, மட்டி இருக்கும் பக்கம் வைக்கச் சொன்னார்.